விட்ட பக்கம்

எங்கள் இணையதளத்துக்குத் தலைமை தாங்க யாரும் இல்லை என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எது நடந்தாலும் முதலில் அப்படித்தான் நினைப்பேன். எனவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

பகலில் எனக்குத் திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. சாயங்காலம் பஸ் பிடித்து விழுப்புரம் வந்து கணினி வகுப்பில் உட்காருவேன். வகுப்பை நடத்துவது தென்பெண்ணை – சங்கராபரணி வட்டார நூல் ஆர்வலர் பேரவை. நூல் ஆர்வலர்கள் எதற்காகக் கணினி வகுப்பு நடத்துகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பேரவைக்குக் கட்டிடம் இருந்தது. கட்டிடம் இருந்தால் உள்ளே ஏதாவது நடந்தாக வேண்டும். படிப்பு முடிந்ததும் பேரவைத் தலைவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் தருவார்கள். புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் என்னிடம் பேசிப் பார்த்துவிட்டு, "சான்றிதழோட வாங்க, சேர்த்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தாளுக்காகத்தான் தினமும் வேலை முடிந்த களைப்போடு பஸ் ஏறினேன்.

கடைசிப் பயிற்சியாக இரண்டு பேர் சேர்ந்து ஓர் இணையதளம் செய்ய வேண்டும். எங்கள் ஆசிரியர் திருமுருகன் சார் ஒரு நகைக்கடைக்குச் செய்யச் சொன்னார். என்னோடு சேர்ந்து செய்தவள் கோலியனூர் கலைப்பிரியா. "நகைக்கடை வாசல்ல செருப்பக் கூட நம்ம கழட்டுனதில்ல, உள்ள இன்னா இருக்குன்னு எத வெச்சிடி பண்றது?" என்றாள். எங்கள் இருவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே சாமான் புத்தகம்தான். அதுவும் முழுவதுமாகத் தெரியாது. பாதியில் வைத்தவையே அதிகம். அதையே தளமாகச் செய்துவிட்டோம். பெயர் 'விட்ட பக்கம்'.

ஒவ்வொரு புத்தகத்தின் கீழேயும் மூன்று பட்டன்கள்: 'படிச்சாச்சு', 'படிச்சிக்கினு இருக்கேன்', 'விட்டுட்டேன்'. மூன்றாவதை அழுத்தினால் இரண்டு கேள்விகள் வரும். எந்தப் பக்கம்? ஏன்?

யார் வந்து பதில் எழுதப் போகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. வந்தார்கள். திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருக்கும் லூர்துமேரி அக்கா ஒரு நாவலுக்குக் கீழே எழுதினார்: "நாப்பத்தேழாம் பக்கம். அவன் சோறு கேக்கறதும் இவ போடறதுமாவே போவுது. இவளுக்குப் பசிக்கிறப்ப யாராச்சும் சொல்லுங்க, திரும்ப வரேன்." வளவனூரிலிருந்து யாரோ ஒருவர் மறுநாள் பதில் போட்டார்: "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல சாப்பிடறாங்க அக்கா. மோர்சோறு. ஆனா நின்னுக்கினே." லூர்துமேரி அக்கா திரும்பப் போய், அந்த நாவலை முடித்துவிட்டு, 'படிச்சாச்சு' அழுத்தினார். மயிலத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். புத்தகத்தைப் பாதியில் வைத்ததை எல்லாரும் இத்தனை நாள் ஒரு குற்றம் போல மறைத்து வைத்திருந்தது தெரிந்தது. சொல்ல ஓர் இடம் கிடைத்ததும் கொட்டினார்கள்.

அப்போதுதான் பேரவைச் செயலாளர் சீனுவாசன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் மேசை மேல் எங்கள் இணையதளம் இருந்தது. மொத்தத்தையும் தாளில் எடுத்து, தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தார். ஒரு பட்டன் மீது விரலை வைத்து அழுத்தினார்.

"அழுத்தனா ஒண்ணும் ஆவலியேம்மா."

"அது தாளுங்க சார்."

"தாளுதான். இந்தப் பேரவையில எல்லாமே தாளுலதான் ஆவும். சரி, இதுக்குத் தலைமை யாரு?"

"யாரும் இல்லீங்க சார்."

"முன்னிலை?"

"அப்படின்னா, சார்?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "முன்னிலைன்னா முன்னால இருக்கறது."

"இருந்து இன்னா பண்ணுவாங்க சார்?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பண்ணா அது சிறப்புரை ஆயிடும்." தாளைப் புரட்டினார். "ஜனங்க பாட்டுக்கு வராங்க, பேசறாங்க, போறாங்க. வரவேற்புரை இல்ல. இது இன்னா, பஸ் ஸ்டாண்டா? நம்ம வகுப்புல செஞ்ச வேலை நம்ம மரபுல இருக்கணும்மா. இல்லாங்காட்டி தலைவர் சான்றிதழ்ல கையெழுத்துப் போட யோசிப்பாரு."

தலைமை, முன்னிலை இரண்டுமே தலைவர் தாண்டவராயன்தான் என்று முடிவாயிற்று. ஒரே ஆள் இரண்டும் எப்படி என்று கேட்டேன். "அவருக்கு முன்னால வேற யாரு இருக்க முடியும்?" என்றார் சீனுவாசன். இதற்கு ஒரு பதில் இருந்திருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

அவர்கள் சொன்னபடியே செய்தேன். தலைவர் தன் ஃபோனில் தளத்தைத் திறந்து வைத்திருக்கும்போதுதான் மற்றவர்கள் அதில் எழுத முடியும். அவர் இல்லாத நேரத்தில், 'முன்னிலை வகிப்பவரின் வருகைக்காகக் காத்திருக்கிறோம்' என்று வரும். அவர் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், திண்டிவனத்திலிருந்து வளவனூர் வரை எந்தப் புத்தகத்தைப் பற்றியும் யாரும் ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது. ஒரு நாள் அவர் பேரன் அந்த ஃபோனில் விளையாட உட்கார்ந்துவிட்டான். அன்று மாலை வரை எங்கள் வட்டாரத்தில் இலக்கியமே இல்லை.

அடுத்து விளிப்பு. யார் எது எழுதினாலும் முதலில் அவையோரை விளிக்க வேண்டும் என்றார்கள். அதுவும் தானாகவே வரும்படி அமைத்தேன். அன்று லூர்துமேரி அக்கா எனக்கு ஃபோன் செய்தார்.

"இசை, எண்பத்தாறாம் பக்கத்தப் பத்தி எழுதலாம்னு வந்தேன்மா. 'மாண்புமிகு தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே'ன்னு அதுவே எழுதிக்கினு போவுது. கட்டம் ரொம்பிடுச்சு. பொருளாளரத் தாண்டி என்னால போவ முடியல."

பிறகு சொல் திருத்தம். 'படிச்சிக்கினு இருக்கேன்' என்பதைப் பார்த்து சீனுவாசன் கண்ணை மூடிக்கொண்டார். "கினுவா? பேரவைல கினுவா? இதெல்லாம் எழுதிக்கினு இருந்தா மொழி இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று மாற்றினேன். சின்ன ஃபோன்களில் அந்தச் சொல் பட்டனுக்குள் அடங்கவில்லை. 'படித்துக்கொண்டிரு' என்பதோடு நின்றுவிட்டது. யார் தங்களை அதட்டுவது என்று கேட்டு எனக்குச் செய்திகள் வந்தன.

'விட்டுட்டேன்' பட்டனை அவர் தொடவில்லை. "இது இருக்கட்டும். கொச்சைதான், ஆனா ஒரு கம்பீரம் இருக்குது" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. அவர் படித்தவர், ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. பேரவை உறுப்பினர்கள் எல்லாரும் தளத்தில் சேர வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. விளிக்கப்படுபவர்கள் விளிக்கத் தேவையில்லை என்று அவர்களுக்கு விலக்கும் அதில் இருந்தது. சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே புத்தகத்துக்குப் போனார்கள். தலைவர் தாண்டவராயன் எழுதிய கவிதை நூல், 'சிந்தனைச் சிகரத்தின் சிறகடிப்பு'. எல்லாரும் ஒரே பட்டனை அழுத்தினார்கள். விட்டுட்டேன்.

என் நிரலில்தான் ஏதோ பிழை என்று நினைத்தேன். வெவ்வேறு ஃபோன்களில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திச் சரிபார்த்தேன். பட்டன்கள் சரியாகவே வேலை செய்தன. பதில்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

எந்தப் பக்கம்? "வலது பக்கம்." ஏன்? "அழைத்தார்கள்."

எந்தப் பக்கம்? "தலைவருக்கு இடப்பக்கம், மைக்குக்குப் பின்னால்." ஏன்? "பொன்னாடை உண்டு என்றார்கள்."

எந்தப் பக்கம்? "ஓரமாக. படத்தில் பாதி தெரிவேன்." ஏன்? "பொருளாளர் நகரவில்லை."

தலைவரே எழுதியிருந்தார். விட்டுட்டேன். பக்கம்: "நடுவில்." ஏன்? "நூலாசிரியன் என்ற முறையில்."

கலைப்பிரியா படித்துவிட்டுப் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கப் பொழுதாயிற்று. "அடியே, இவுங்க விழா வெச்சிப் புத்தகம் விடறவங்கடி! அறிக்க விடறாங்க, ராக்கெட்டு விடறாங்க இல்ல, அந்த மாதிரி. மேடையில எந்தப் பக்கம் நின்னு விட்டீங்கன்னு நீ கேட்டதா நெனச்சிக்கினு பதில் சொல்லிக்கினு இருக்காங்க."

"படிக்க முடியாம விட்டதுன்னு ஒருத்தருக்குக் கூடவா தோணல?"

"எப்படித் தோணும்? விடணும்னா மொதல்ல தொடணுமே!"

எங்கள் தளத்தின் முகப்பில் 'அதிகம் விடப்பட்ட நூல்' என்று ஒரு பட்டியல் தானாக மாறிக்கொண்டிருக்கும். சிகரத்தின் சிறகடிப்பு அதில் முதலிடத்துக்கு வந்தது. இரண்டாவது இடத்தில் இருந்த புத்தகம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. இரண்டு நாளில் நான்குமுனைச் சந்திப்பில் ஒரு பெரிய பேனர் நின்றது. 'அதிகம் விடப்பட்ட நூல்! மாவட்டத்தில் முதலிடம்! சிகரமே, வணங்குகிறோம்!' படத்தில் தலைவர் புத்தகத்தைப் பிடித்திருந்தார். புத்தகம் இன்னும் வண்ணத்தாளைப் பிரிக்காமல் இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று சீனுவாசனிடம் போனேன். "சார், அந்த முதலிடத்தப் பத்தி ஒரு விஷயம்..."

"விழாவுல சொல்லும்மா."

"விழாவுக்கு முன்னாடியே சொல்றது நல்லதுங்க சார்."

"நிகழ்ச்சி நிரல்ல உன் பேரு எங்க இருக்குதோ அங்கதான் நீ பேசணும். முன்னாடி பேசுனா வாழ்த்துரைக்காரங்க கோவிச்சிப்பாங்க." அழைப்பிதழை நீட்டினார். 'இணையதளத் திறப்பு விழா' என்று இருந்தது. விளக்கேற்றல் தொடங்கி ஏற்புரை வரை ஒரு நீண்ட வரிசை. கடைசியில், நன்றியுரை: செல்வி இசைவாணி. அதன் கீழே சான்றிதழ் வழங்கல், நாட்டுப்பண். "நன்றி சொல்ற, சான்றிதழ் வாங்கற, நாட்டுப்பண்ணுக்கு நிக்கறோம், முடிஞ்சிது. அதுக்கு மேல என்னாம்மா வேணும் உனக்கு?"

ஓடிக்கொண்டிருந்த தளத்தைத் திறந்துவைக்க வசதியாக முந்தைய நாளே மூடச் சொன்னார்கள். மூடினேன். பேரவை அரங்கில் கணினித் திரையைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. தலைவர் கைதட்டலுக்கு நடுவே கத்தரிக்கோலால் வெட்டினார். ரிப்பனோடு மவுஸ் ஒயரும் போயிற்று. அதையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். நான் விசைகளைத் தட்டித் தளத்தைத் திரும்பத் திறந்தேன்.

சீனுவாசன் பேசினார். "நமது பேரவை தோன்றிய நாள் முதலாக எத்தனையோ நூல்களை விட்டிருக்கிறது. ஒன்றையேனும் நாம் பிரித்துப் பார்த்து அதன் புதுமையைக் கெடுத்ததுண்டா? என் இல்லத்து அலமாரிக்கு வாருங்கள். ஒவ்வொரு நூலும் ரிப்பன் கட்டியபடியே இருக்கிறது. புதுமணப்பெண்ணைப் போல!"

பிறகு தலைவர் எழுந்தார். "இளைஞர்கள் படிப்பதில்லை என்று வருந்துகிறார்கள். நான் கேட்கிறேன், படிப்பது பெரிய காரியமா? ஒரு மூலையில் உட்கார்ந்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விடுவதற்குத்தான் மேடை வேண்டும். ஆட்கள் வேண்டும். மாலை வேண்டும். அந்த உழைப்பை அளந்து சொல்ல இதுவரை ஒரு கருவி இல்லை. இந்தத் தளம் அளந்திருக்கிறது. இதில் வேறு சில நூல்களும் இருப்பதாகச் சொன்னார்கள். அவற்றையும் நான் பெருந்தன்மையோடு அனுமதிக்கிறேன்."

பின்வரிசையில் எங்கள் தளத்து வாசகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் யாரோ இருமுவது போலக் கேட்டது. பிறகு அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"ஏன் சிரிப்பு?" என்றார் தலைவர்.

லூர்துமேரி அக்கா எழுந்தார். பணி முடிந்து நர்ஸ் உடையிலேயே வந்திருந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க அய்யா. விட்டுட்டேன்னா, படிக்க முடியாம பாதியில வெச்சிட்டேன்னு அர்த்தம். எந்தப் பக்கம்னா, எத்தினியாம் பக்கத்துலன்னு கேக்கறாங்க. நான் உங்க புத்தகத்தப் பதினோராம் பக்கம் வரைக்கும் படிச்சேன். இந்த ஹால்ல அவ்ளோ தூரம் போனது நானாத்தான் இருப்பேன்."

தலைவர் மெதுவாகத் திரும்பினார். மேடைத் தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது.

"சீனு. நீ எத்தினியாம் பக்கம்?"

"நான் உங்க இடது பக்கங்க அய்யா," என்றார் சீனுவாசன்.

தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் தரையைப் பார்த்தார். வரிசையாக எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தரையில் அப்படி ஒன்றும் விசேஷம் இல்லை. நான் தினமும் அங்கே உட்கார்ந்து படித்தவள்.

"அந்தப் பட்டனை எடு," என்றார் தலைவர் என்னிடம். "இப்பவே எடு. இங்கயே, என் கண்ணு முன்னாடி. யாரும் எதையும் விடக் கூடாது. படிச்சாச்சுன்னு ஒண்ணு மட்டும் இருந்தாப் போதும்."

சீனுவாசன் குனிந்து என் காதருகே வந்தார். "எடுத்துடும்மா. எடுத்துட்டு நன்றி சொல்லிட்டுச் சான்றிதழ வாங்கிக்கினு போ. மேசை மேலதான் இருக்குது பாரு, உன்னுதுதான் மேலாப்புல."

பார்த்தேன். என் பெயர் அழகாக அச்சாகியிருந்தது.

கணினி முன் உட்கார்ந்தேன். பெரிய திரையில் என் நிரல் வரிகள் தெரிந்தன. மவுஸ் இல்லாததால் விசைகளைத் தட்டித்தான் ஒவ்வொரு வரியாக இறங்க வேண்டியிருந்தது. யோசிக்க நேரம் கிடைத்தது. அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும். அது என் பிழைதான். ஒரு பட்டன்தானே, எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுப் பார்த்தேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் வைத்துவிட்டேன் என்று அக்கா சொன்னதால்தானே, நூற்றுப் பன்னிரண்டில் அவள் சாப்பிடுகிறாள் என்று இன்னொருவர் சொல்ல முடிந்தது? எங்கே நின்றோம் என்று சொல்ல முடியாத இடத்தில், மேலே வழி இருக்கிறது என்று யார் யாருக்குச் சொல்வது? எல்லாரும் எல்லாவற்றையும் படித்தாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போகலாம். அதற்கு ஏற்கெனவே ஒரு பேரவை இருக்கிறது.

பட்டன் இருந்த வரியைத் தாண்டிக் கீழே போனேன். முன்னிலைக்காக நான் எழுதிய வரிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். விளிப்பையும் அழித்தேன். 'கினு'வைத் திரும்ப எழுதினேன்.

மேடை ஓரத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த திருமுருகன் சாருக்கு நான் என்ன செய்கிறேன் என்று புரிந்துவிட்டது. மேடையில் வேறு யாருக்கும் புரியவில்லை. அவர் ஒன்றுதான் கேட்டார்.

"சேவ் பண்ணிட்டியாம்மா?"

"பண்ணிட்டேங்க சார்."

பின்வரிசையில் ஃபோன்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. பொருளாளரைத் தாண்ட முடியாமல் காத்துக்கிடந்தவர்கள் எல்லாரும் எழுத ஆரம்பித்திருந்தார்கள். பெரிய திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எண்பத்தாறாம் பக்கம், இருபதாம் பக்கம், முன்னுரையிலேயே. பட்டன் அதே இடத்தில் இருந்தது.

தலைவரின் முகம் சிவந்தது. ஆனால் சீனுவாசன் கையில் அழைப்பிதழ் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாதபோது அவர் அடுத்த வரியைப் படிப்பார். அன்றும் படித்தார். "அடுத்ததாக... நன்றியுரை. செல்வி இசைவாணி."

மைக்கின் முன் நின்றேன். "பேரவைக்கு நன்றி சொல்லணும்னு இதுல போட்டிருக்குது," என்றேன். "யோசிச்சிப் பாத்தேங்க. எனக்கு ஒண்ணும் தோணல. நான் சொல்ல மாட்டேன்."

இறங்கிவிட்டேன். என் பின்னால் யாரும் எழவில்லை. எழ முடியாது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நன்றியுரை முடிந்தால்தான் சான்றிதழ், அதற்குப் பின்தான் நாட்டுப்பண், அதற்குப் பின்தான் விழா முடியும். முடியாத விழாவிலிருந்து தலைவர் எழுந்து போனால் அது வெளிநடப்பு. அவர் தன்னைக் கண்டித்துத் தானே வெளிநடப்புச் செய்ய முடியுமா?

"ஜல்தி வாடி, பஸ்ஸு பூடும்," என்று கலைப்பிரியா என் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். லூர்துமேரி அக்கா எனக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, மயிலம் வரும்வரை ஃபோனில் படித்துக்கொண்டே வந்தார்.

காவலாளி விளக்கை அணைத்த பிறகுதான் மேடையில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பேரவைப் பதிவேட்டில் விழா இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு விழா நடக்கும்போது இன்னொன்றைத் தொடங்க மரபில் இடமில்லை. எனவே அதற்குப் பிறகு அவர்களால் ஒரு நூலைக்கூட விட முடியவில்லை. வண்ணத்தாள் சுற்றிய கட்டுகள் கட்டிடத்தின் நடைவழி முழுவதும் அடுக்கியிருப்பதாகத் திருமுருகன் சார் சொன்னார்.

நான் புதுச்சேரிக்குப் போனேன். தளத்தைக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். சான்றிதழ் வந்ததும் வாருங்கள் என்றார்கள். அதே ஜெராக்ஸ் கடையில் அதே வேலையைத்தான் இன்னும் பார்க்கிறேன். நான் செய்தது சரிதானா என்று சில நாள் தோன்றும். நேற்றுக் கூடத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து சீனுவாசன் ஃபோன் செய்தார்.

"ரெண்டே வார்த்தை போதும்மா. நீ இங்க வரவே தேவையில்ல. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், தலைவர் பக்கத்துலதான் இருக்காரு, எல்லாரும் மேடையில இருக்கோம். 'நன்றி, வணக்கம்'னு சொல்லிடு. நாட்டுப்பண் ரெடியா வெச்சிருக்கோம். சான்றிதழ கையோட தபால்ல போட்டுடறேன்."

"பட்டன் இருக்கலாங்களா சார்?"

அங்கே யாரோ யாரிடமோ ஏதோ கேட்டார்கள். "அத மட்டும் எடுத்துடும்மா," என்றார்.

கடையில் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கிக் கண்ணாடி மேல் வைத்து மூடினேன். ஃபோனில் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள் போலிருந்தது.

"உக்காரச் சொல்லுங்க சார்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.